ஒரே கோரிக்கை இருமுறை வந்தபோது: வலைச்சேவை எழுதுவோரின் அனுபவங்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வலைச்சேவை, அதாவது செயலிகள் இணையம் வழியே அனுப்பும் கோரிக்கைகளைப் பெற்று வேலையை முடித்துப் பதில் தரும் நிரல், எழுதத் தொடங்கிய காலத்தில், மறுமொழி வரவில்லை என்றால் கோரிக்கை போய்ச் சேரவில்லை என்றே நான் எண்ணியிருந்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பதை, தங்கும் விடுதிகளுக்காக நாங்கள் எழுதிய அறைப் பதிவுச் சேவை ஓர் ஆண்டிறுதி நெரிசலில் எனக்குக் காட்டியது. 10 நொடிகளுக்குள் பதில் வராவிட்டால் அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பும்படி செயலியை அமைத்தவன் நான்தான். அன்று பணம் வந்து சேர்ந்ததைச் சரிபார்க்கவே சர்வருக்கு 14 நொடிகள் பிடித்ததால், முதல் கோரிக்கையின் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது கோரிக்கையும் உள்ளே நுழைந்துவிட்டது. வயதான தம்பதியர் ஒருவர் பெயரில் இரண்டு அறைகள் பதிவாகி, பணமும் இருமுறை எடுக்கப்பட்டிருந்தது. விடுதிக்காரர் காலையில் தொலைபேசியில் அழைத்தபோதுதான் செய்தியே எங்களுக்குத் தெரிந்தது.

கோரிக்கை வழியிலேயே தொலைந்திருக்கலாம். சேர்ந்து, வேலை முடியாமல் இருக்கலாம். வேலை முடிந்து, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் செயலிக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி நெறிமுறையில், தகவல் கேட்கும் கெட், கொடுத்ததை அப்படியே வைக்கும் புட், நீக்கும் டெலீட் ஆகிய கோரிக்கை வகைகளை எத்தனை முறை அனுப்பினாலும் சர்வரில் ஏற்பட வேண்டிய விளைவு ஒருமுறை அனுப்பியதற்குச் சமமாகவே இருக்க வேண்டும் என்றும், புதிதாக ஒன்றைப் பதிவு செய்யப் பயன்படும் போஸ்ட்டுக்கு அந்த உறுதி கிடையாது என்றும் அந்த நெறிமுறையின் வரையறை தெளிவாகவே சொல்கிறது. 2022இல் வெளிவந்த அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 9110இலும் அப்படியே இருக்கிறது. நான் அதை மேலோட்டமாகப் படித்திருந்தேனே தவிர, அறைப் பதிவு ஒரு போஸ்ட் என்பதோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

முதலில் செய்த திருத்தமும் போதவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் செயலியே ஒரு தனி எண்ணை உருவாக்கி அனுப்ப, சர்வர் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் பதிவு செய்யும்படி மாற்றினோம். இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தபோது இரண்டுமே தேடிப் பார்த்து, இரண்டுமே "இல்லை" என்ற விடை பெற்று, இரண்டுமே பதிவு செய்துவிட்டன. பிறகுதான் அந்த எண்ணுக்கு டேட்டாபேஸிலேயே யுனீக் கட்டுப்பாடு (ஒரே எண் இருமுறை சேர முடியாது என்ற விதி) போட்டு, எண்ணும் அறைப் பதிவும், இரண்டும் சேர்ந்தே பதிவாகும் அல்லது இரண்டுமே பதிவாகாத ஒரே டிரான்சாக்‌ஷனில் சேரும்படி எழுதினோம். அதே எண் மறுபடி வந்தால், முதலில் கொடுத்த மறுமொழியையே திரும்பக் கொடுக்கிறோம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மின்சாரமும் இணையமும் போயின. இணைப்பு திரும்பியதும் எல்லாச் செயலிகளும் தேங்கிக் கிடந்த கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கொட்டின. ஓர் அறைகூட இருமுறை பதிவாகவில்லை. ஆனால் சர்வர் திணறியது. இப்போது மறுமுயற்சிக்கான இடைவெளி 1, 2, 4 நொடிகள் என்று இரட்டித்துக்கொண்டே போகிறது; எல்லாம் ஒன்றாக வந்து விழாமலிருக்க, அதில் சிறிது தற்செயலான நேரத்தையும் சேர்த்திருக்கிறோம். இதுபோன்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள்.

கடலூர் முதுநகர்

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் துறைமுகப் பக்கத்து வேலை நினைவுக்கு வந்தது. மீன் வியாபாரிகள் ஐஸ் பார் கேட்டுப் பதிவு செய்யும் சேவையை நான் எழுதினேன். தனி எண் எதற்கு என்று எண்ணி, வியாபாரியின் பெயர், ஊர், தேதி, அளவு ஆகியவற்றைச் சேர்த்து ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீடு; உள்ளடக்கம் மாறினால் இதுவும் மாறும்) எடுத்து, அதையே அடையாளமாக வைத்தேன். அது இரண்டு பக்கமும் தவறியது.

முதல் தவறு நம் எழுத்தால் வந்தது. கோண்டூர்க்காரர் ஒருவரின் பதிவு இரண்டு தடவை ஏறியிருந்தது. திரையில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் "கோ" என்பதை, ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம்; இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8இல் முதல் வகைக்கு 6 பைட், இரண்டாவதற்கு 9 பைட். அவருடைய கைபேசி ஒரு வகையில் அனுப்ப, கடைக் கணினி மற்றொரு வகையில் அனுப்பியிருந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது ஹாஷுக்கு வேறாகிவிட்டது. தமிழ் உரையை ஒப்பிடும் எவரும் முதலில் இத்தகைய எழுத்துகளை ஒரே முறையில் அமைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்; நம் மொழியில் சேவை எழுதுகிறவர்களுக்கு இதை ஏன் யாரும் முதல் நாளே சொல்லித் தருவதில்லை என்று இன்றும் வருந்துகிறேன்.

இரண்டாவது தவறுதான் என்னை அதிகம் உறுத்தியது. அதிகாலையில் 20 பார் வாங்கிய ஒருவர், எதிர்பாராமல் மீன்வரத்து கூடியதால் மீண்டும் 20 பார் கேட்டார். எல்லா விவரமும் ஒன்றாக இருந்ததால், இது பழைய கோரிக்கைதான் என்று என் சேவை ஒதுக்கிவிட்டு, "பதிவாகிவிட்டது" என்ற பழைய மறுமொழியையே அவருக்கு அனுப்பியது. ஐஸ் வரும் என்று நம்பி அவர் காத்திருந்தார், மீன் கெட்டது. இருமுறை பதிவாகியிருந்தால் ஒன்றை ரத்து செய்திருக்கலாம், கெட்ட மீனை மீட்க வழியில்லை. ஒருவர் மறுபடி கேட்கிறாரா, கேட்டதையே செயலி மறுபடி அனுப்புகிறதா என்பதை உள்ளடக்கம் சொல்லாது. பொத்தானை அழுத்தும் கணத்தில் பிறக்கும் தனி எண்தான் சொல்லும். அந்த எண்ணைக் கோரிக்கை அனுப்பும் முன்பே கைபேசியில் சேமித்துவிட வேண்டும்; இல்லையென்றால் செயலி பாதியில் மூடித் திறந்தவுடன் புதிய எண் பிறந்துவிடும்.

லாசுப்பேட்டை, புதுச்சேரி

வலைச்சேவைகள் சோப் என்ற நெறிமுறைப்படி எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறிய காலத்திலிருந்து நான் இந்த வேலையில் இருப்பவன். டபிள்யூஎஸ்-ரிலையபிள் மெசேஜிங் என்ற தரம் 2007இல் வந்தபோது இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நம்பினேன். செய்தி சேர்ந்தது என்பதற்கு அது உறுதி தந்தது. சேர்ந்த செய்தியின்படி வேலை முடிந்ததா என்பதற்கு அதனால் உறுதி தர இயலவில்லை. செய்தியைப் பெற்றுக்கொண்ட நிரல் அடுத்த கணமே நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது நான் எழுதும் ஒவ்வொரு சேவையிலும், அந்தத் தனி எண்ணைக் கொடுத்து "என் கோரிக்கை என்ன ஆயிற்று?" என்று கெட் மூலம் கேட்க ஒரு முகவரி வைக்கிறேன். பதில் வராத செயலி போஸ்ட்டை மறுபடி அனுப்பும் முன் அங்கேதான் முதலில் கேட்கிறது.