எங்கள் வயல் எந்த மாதம் வயல்? பாலக்காட்டுக்காரர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பாலக்காடு டவுனும் சுற்றுப்புறமும் எங்கே அதிகம் கொதிக்கிறது என்று பார்க்க நிலப்பரப்பு வரைபடம் போடுகிறேன். நகர வெப்பத்தை ஆராய 2012இல் ஸ்டூவர்ட், ஓக் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த 17 நில வகைகள்தான் அடிப்படை: கட்டடப் பகுதி 10, மற்ற நிலம் 7.

சிக்கல் வயலில்தான். அறுப்பு முடிந்த மார்ச் மாதச் செயற்கைக்கோள் படத்தில் வயலெல்லாம் வெறும் மண்ணாக வருகிறது. நடவு மாதப் படத்திலோ குளம்! படத்தை வகை பிரிக்கும் கணினி, தென்னை மூடிய ஓட்டு வீடுகளையும் காடு என்கிறது. எங்கள் வீடும் இப்போது காடுதான்.

சித்தூர், கொல்லங்கோடு, கொழிஞ்சாம்பாறை பக்கம் இருப்பவர்கள், உங்கள் வயலில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும், எப்போது அறுப்பு என்று எழுதுங்களேன். அப்புறம், எது வயல், எது வீடு என்று கணினிக்குக் காட்டும் மாதிரி இடங்களை கூகுள் எர்த்தில் வரைந்து பழக்கமுள்ளவர் யாராவது என் கோப்பை ஒரு தடவை பார்த்தால் பெரிய உதவி.