சுவரில் கடல்மட்டக் கோடு: பூஜ்யம் எங்கே?

அளவுகோல்: ‘வண்ணத்துளி’ எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. “கடலோரத் தெருச் சுவரில் தரையிலிருந்து 1 மீட்டர் அளந்து நீலக்கோடு போடுங்கள், 2100-இல் கடல் இதுவரை வரும் என்று எழுதுங்கள், ஊரே கூடும்” என்கிறார். தெரு என்ன கடல்மட்டத்திலா கிடக்கிறது? ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) ஆறாவது அறிக்கை 2100-க்குச் சொல்லும் 0.63–1.01 மீட்டர் கடல்மட்ட உயர்வு, பசுங்குடில் வாயுக்கள் மிக அதிகமாக வெளியேறும் நிலைக்கு. அதுவும் 1995–2014 சராசரிக் கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து. தெரு 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் உங்கள் கோடு 3 மீட்டரில் நிற்கும். பொய்க்கோடு.

வண்ணத்துளி: இது ஓவியம் ஐயா, கட்டட வரைபடம் இல்லை. இடுப்பளவில் கோடு இருந்தால்தான் போகிறவர் நின்று பார்ப்பார். 2007-இல் நியூயார்க்கில் கலைஞர் ஈவ் மோஷர் சுண்ணக்கோடு இழுத்தபோது தெருவில் மக்கள் வந்து பேசினார்களே?

அளவுகோல்: அவர் இழுத்தது கடல்மட்டத்துக்கு 10 அடி மேலே ஓடும் சமவுயரக் கோடு. தரையிலிருந்து டேப் பிடித்ததல்ல! அளவைத்துறை மட்டக்குறியிலிருந்து (கடல்மட்டத்துக்கு மேல் உயரம் தெரிந்த நிலையான குறி) தொடங்குங்கள். ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) கிடைக்காவிட்டால் டியூப் லெவல் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) போதும். இரு முனையையும் சேர்த்துப் பிடித்து நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நகர்த்த வேண்டும். குழாயில் காற்றுக்குமிழ் சிக்கினால் மட்டம் பொய் சொல்லும். பாதிக் குழாய் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலும் பிசகும். கடைசியில் தொடங்கிய குறிக்கே திரும்பி வந்து சரிபாருங்கள். உயர் ஓதத்தை (கடல் ஏறி நிற்கும்போதுள்ள மட்டம்) காட்டுகிறீர்களா, சராசரி மட்டத்தையா என்பதையும் சுவரிலேயே எழுதுங்கள்.

காரைபூசி: இரண்டு பேருக்கும் சுவரைப் பற்றிக் கவலையே இல்லை. புதுச் சிமெண்டுப் பூச்சு 28 நாளாவது காயணும். அதற்குள் அடித்தால் சிமெண்டின் காரத்தன்மை நிறத்தைத் தின்னும், உப்புப் பூத்துப் பெயிண்ட் உரியும். காரம் தாங்கும் பிரைமர் ஒரு கோட், வெளிப்புற அக்ரிலிக் இரண்டு கோட். டிஸ்டெம்பர் அடித்தால் முதல் மழையோடு சரி.

வண்ணத்துளி: பெயிண்டை விடுங்கள். முன்பு நடந்த வெப்பநிலைப் பட்டை (ஆண்டுக்கு ஒரு நிறக்கோடு: சராசரியைவிடக் குளிர்ந்தால் நீலம், சூடானால் சிவப்பு) ஓவியப் பேச்சிலும் அளவுகோல் இப்படித்தான் 1971–2000 சராசரியைப் பிடித்துக்கொண்டு யாரையும் தூரிகை தொட விடவில்லை.

அளவுகோல்: அங்கேயும் நான் சொன்னதே சரி. காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் உருவாக்கிய அந்தப் பட்டையில் சராசரி ஆண்டுகளை மாற்றினால் நீலம் முடிந்து சிவப்பு தொடங்கும் இடமே நகரும். பிள்ளைகள் தூரிகை பிடிக்கட்டும், முதலில் குழாயைப் பிடிக்கட்டும். தன் வீட்டு வாசற்படி கடலுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று அளந்து பார்த்த குடும்பம்தான் வடிகாலைப் பற்றிக் கேள்வி கேட்கும்.

காரைபூசி: குழாய் பிடிப்பதற்குள் ஈரச்சுவரில் யாராவது பெயிண்ட் அடித்துவிடுவார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணத்துளி: கோடு இடுப்பளவில்தான். வேண்டுமானால் ‘அடையாளக் கோடு’ என்று கீழே எழுதுகிறோம்.

அளவுகோல்: அப்படியானால் 2100-ஐ அழியுங்கள். ஆண்டு எழுதினால் பூஜ்யம் எங்கே என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.