கான்ஃபிளிக்ட் தீர்த்து 'கிட் ஆட்' போட்டாச்சு. கமிட்டுக்கு முன் எப்படிச் சரிபார்ப்பது?

தோட்டக்கணக்கு, சுங்கை சிப்புட்
வணக்கம். செம்பனைத் தோட்டத்து எடைமேடைக் கணக்கு மென்பொருள். கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) மெயினை (பொதுக் கிளை) என் பிராஞ்சுக்குள் (தனிக் கிளை) மெர்ஜ் பண்ணினதில், அதாவது இணைத்ததில், இரண்டு கோப்புகளில் கான்ஃபிளிக்ட் (இரு பக்க மாற்றங்களும் மோதுவது). எடைக் கோப்பில் எடிட்டரின் 'இரண்டையும் ஏற்றுக்கொள்' பொத்தானை அழுத்தி, 'கிட் ஆட்' (தீர்ந்தது என்று குறிக்கும் கட்டளை) போட்டேன். இப்போது 'கிட் டிஃப்' (வேறுபாட்டைக் காட்டும் கட்டளை) வெறுமையாக இருக்கிறது. நான் தீர்த்தது சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது? இன்னொன்று, கிராணி (தோட்டக் கணக்கர்) அறிக்கைக் கோப்பு. நான் அதைத் திருத்தியிருக்கிறேன், மெயினில் அழித்துவிட்டார்கள். உபுந்து 22.04, கிட் 2.34.1.

கிளைமுறி, ஈப்போ
தம்பி, இன்னும் கமிட் (மாற்றத்தை நிலையாகப் பதிவது) போடாதீங்க.

கான்ஃபிளிக்ட் வந்த கோப்புக்கு இன்டெக்ஸில் (கமிட்டுக்குப் போகும் முன் கோப்புகள் நிற்கும் இடம்) மூன்று பிரதிகள் இருக்கும்: 1 பொது மூதாதை, 2 உங்கள் பக்கம், 3 வந்த பக்கம். 'கிட் ஆட்' போட்டதும் மூன்றும் போய் ஒரே பிரதி நிற்கும். 'கிட் டிஃப்' அதையும் வேலைக் கோப்பையும்தான் ஒப்பிடும், அதனால்தான் வெறுமை. நீங்கள் கேட்டதற்கு நேரான விடை:

கிட் டிஃப் ஆட்டோ_மெர்ஜ்

கிட் தானாக இணைத்து, குறிகளோடு (மோதல் இடத்தைக் காட்ட கிட் போடும் வரிகள்) உங்களிடம் விட்ட நிலையிலிருந்து நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்பதை மட்டும் இது காட்டும். குறிகள் கழித்தல் வரிகளாகத் தெரியும். ஆட் போட்ட பிறகும் வேலை செய்யும். கிட் 2.34-இல் மெர்ஜ் முறை 'ஆர்ட்' ஆனதால் உங்களிடம் இருக்கும்.

ஆட் போடுவதற்கு முன் வரும் இரட்டைப் பத்தி டிஃபை (வரிக்கு முன் இரண்டு பத்தியில் கூட்டல், கழித்தல் குறி காட்டுவது) நம்பி முடிவெடுக்காதீங்க. இரு பக்கத்திலிருந்தும் வேறுபடும் பகுதியை மட்டுமே அது காட்டும். ஒரு பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அந்தப் பகுதி டிஃபில் காணாமல் போகும். தவறான பக்கத்தை எடுத்தபோதும் இதே கதைதான்.

'இரண்டையும் ஏற்றுக்கொள்' எனக்குப் பிடிக்காத பொத்தான். ஒரு பக்கம் லோரியின் வெற்று எடையைக் கழிக்கும் வரியைத் தனி ஃபங்ஷனுக்கு மாற்றியிருந்து, மறு பக்கம் பழைய இடத்திலேயே கழித்தால், இரண்டு முறை கழியும். மொத்தம் 9,840 கிலோ, வெற்று லோரி 4,120 என்றால் பழம் 5,720 வரணும். 1,600 வரும். எந்த எரரும் வராது, கூலி மட்டும் குறையும்.

மறுபடி தீர்க்க: 'கிட் செக்அவுட் --மெர்ஜ் கோப்பு'. குறிகள் திரும்ப வரும், ஆனால் கையால் எழுதிய தீர்வு போய்விடும், வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக '--கான்ஃபிளிக்ட்=டிஃப்3' கொடுத்தால் நடுவில் மூதாதை வரியும் தெரியும். யார் எதை மாற்றினார்கள் என்பது அப்போதுதான் புரியும். இசட்டிஃப்3 போடாதீங்க, அது 2.35-இல் வந்தது; உங்கள் பதிப்பு தெரியாத ஸ்டைல் என்று சொல்லி நின்றுவிடும்.

பச்சைவரி, கூலிம்
மேலே சொன்னதோடு: 'கிட் ஆட்' கோப்புக்குள் குறி மிச்சமிருக்கிறதா என்று பார்க்காது. ஏழு சமக்குறி வரி அப்படியே உள்ளே போகும். 'கிட் டிஃப் --ஸ்டேஜ்டு --செக்' ஓட்டுங்கள், வரி எண்ணோடு சொல்லிவிடும்.

மெர்ஜ் நடுவில் எல்லாக் கோப்பையும் ஒரேயடியாக ஏற்றும் 'கிட் ஆட் புள்ளி', 'கமிட் -ஏ' இரண்டும் வேண்டாம். பார்க்காத கோப்பும் தீர்ந்ததாகக் கணக்காகும். மெர்ஜ்டூல் (கான்ஃபிளிக்ட் தீர்க்க கிட் திறக்கும் கருவி) விட்டுப்போகும் .ஒரிஜ் நகல்களும் 'ஆட் புள்ளி'யில் ஏறிவிடும். கோப்புப் பெயர் கொடுத்தே ஆட் போடுங்கள். 'ஆட் -பி' (மாற்றங்களைப் பகுதி பகுதியாக ஏற்றுவது) இங்கே உதவாது, தீராத கோப்பை அது ஒதுக்கிவிடும்.

அழித்த கோப்புக்கு: 'கிட் லாக் -பி ஹெட்..மெர்ஜ்_ஹெட் -- கோப்பு'. ஏன் அழித்தார்கள், உள்ளடக்கம் வேறு கோப்புக்குப் போனதா என்று அந்த கமிட்டில் பாருங்கள். போயிருந்தால் உங்கள் திருத்தத்தை அங்கே கையால் ஏற்றிவிட்டு இதற்கு 'கிட் ஆர்எம்'. வைத்துக்கொள்வதானால் 'கிட் ஆட்'.

தோட்டக்கணக்கு, சுங்கை சிப்புட்
நன்றி அண்ணே. ஆட்டோ_மெர்ஜில் பார்த்தேன், கழித்தல் இரண்டு இடத்தில் இருக்கிறது. மெர்ஜுக்குப் பதில் ரீபேஸ் (என் கமிட்டுகளை மெயினின் மேல் ஒவ்வொன்றாக மறுபடி போடுவது) பண்ணியிருந்தால் சுலபமா?

கிளைமுறி, ஈப்போ
சுலபமில்லை, பெயர்தான் தலைகீழாகும். ரீபேஸில் '--ஔர்ஸ்' என்றால் மெயின், '--தெய்ர்ஸ்' என்றால் உங்கள் கமிட். மெர்ஜ் பழக்கத்தில் '--ஔர்ஸ்' அடித்தால் உங்கள் வேலைதான் போகும். தவிர, கமிட்டுக்குக் கமிட் அதே கான்ஃபிளிக்ட் திரும்ப வரலாம். 'ரீரீரீ.எனேபிள்ட்' போட்டால் பழைய தீர்வை நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான தீர்வையும் வைத்துக்கொள்ளும், அப்போது 'கிட் ரீரீரீ ஃபர்கெட் கோப்பு'.

இப்போதைக்கு டிஃப்3-இல் மறுபடி தீர்த்து, எடை டெஸ்ட்டை ஓட்டிவிட்டு கமிட் போடுங்கள். கான்ஃபிளிக்ட்டே வராத கோப்புகளையும் டெஸ்ட் தொடணும்: மெயினில் ஃபங்ஷன் பெயர் மாறி, நீங்கள் புதுக் கோப்பில் பழைய பெயரில் கூப்பிட்டிருந்தால் கிட் வாயே திறக்காது. வேறு திருத்தம் எதையும் இந்த மெர்ஜ் கமிட்டுக்குள் நுழைக்காதீங்க, தனி கமிட்டாகப் போடுங்கள்.