‘செர்ஸ்த்வி’ ரொட்டி பழையதா, புதியதா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மாஸ்கோவில் ஆறு வருடம் படித்த ரஷ்ய மொழியை நம்பித்தான் செக் நாட்டுத் தலைநகர் பிராக் போனேன். முதல் நாள் காலை, தெருமுனை பேக்கரியில் ‘செர்ஸ்த்வி’ ரொட்டி என்று பலகை. ரஷ்ய மொழியில் ‘சோர்ஸ்த்வி’ என்றால் காய்ந்துபோன பழைய ரொட்டி. "பழையது வேண்டாம், புதிது கொடுங்கள்" என்று ரஷ்ய மொழியிலேயே கேட்டுவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு ரொட்டியை எடுத்து, விரலை மடக்கி டொக் டொக்கென்று தட்டிக் காட்டினார். அவர் முகம் வாடிவிட்டது. செக் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘புத்தம் புதியது’ என்று பொருளாம். செக்காரர்கள் அர்த்தத்தையே தலைகீழாக்கிவிட்டார்கள்!

---

என்னை இப்படிக் குழப்பிய சொல் ‘லிஸ்டோபாட்’. இலையுதிர் மாதம். போலந்தில் அது நவம்பர், குரோஷியாவில் அக்டோபர். போலந்தின் கிராகோவில் இருந்த பழக்கத்தில், குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப்பில் பேசி வைத்த அறைக்கு நவம்பர் 1 அன்று பெட்டியோடு போய் நின்றேன். வேறொருவர் கதவைத் திறந்தார். "ஒரு வாரம் உனக்காகக் காத்திருந்தேனே" என்று வீட்டுக்கார அம்மா சொன்னது இன்னும் உறுத்துகிறது.

---

முதல் பதிவு போட்ட அண்ணா, யாரும் தலைகீழாக்கவில்லை. ரஷ்யம், செக், போலிஷ் எல்லாம் ஸ்லாவிய மொழிக் குடும்பம்; அந்தச் சொல்லின் பழைய ஸ்லாவிய வேரின் பொருள் ‘உறுதியானது, கெட்டியானது’. செக்கில் அது திடமாக இருப்பது, புதிதாக இருப்பது என்று போனது. ரஷ்யாவில் கெட்டித்துப்போன ரொட்டி, இரக்கமில்லாத மனசு என்று போனது. போலிஷ் மொழியைப் பாருங்கள்: ‘செர்ஸ்த்வி’ ரொட்டி என்றால் பழையது, ‘செர்ஸ்த்வி’ கிழவர் என்றால் திடகாத்திரமானவர். இரண்டும் ஒரே ஊரில்! நம் ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம்தானே? செக்கில் ‘வூன்யெ’ மணம், ரஷ்யாவில் ‘வோன்’ துர்நாற்றம்.

---

பிராக் ரயில் நிலையத்தில் ‘பொஸோர்!’ என்று அறிவிப்பு வந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். ரஷ்யாவில் அது ‘அவமானம்’. அங்கே ‘கவனம்’. வேர் ‘பார்ப்பது’தான், ஊரே பார்க்க நின்றால் அவமானம். செர்பியாவில் அதிலிருந்தே ‘பொஸோரிஷ்டே’, நாடக அரங்கு.

சரி, ரஷ்யாவில் படித்துவிட்டு அந்தப் பக்கம் போகிற தம்பி தங்கைகளுக்கு: தெரிந்த சொல் என்று துள்ளாதீர்கள். ‘ஸ்தூல்’ ரஷ்யாவில் நாற்காலி, செக்கில் மேசை. ‘ஓவோஷி’ காய்கறி, செக்கில் ‘ஓவோட்செ’ பழம். போலிஷ் ‘ஸபோம்னியெச்’ மறப்பது, ரஷ்ய ‘ஸபோம்னித்’ நினைவில் வைப்பது. மருந்துச் சீட்டு விளக்கும்போது இது விளையாட்டல்ல. மாதத்தை எப்போதும் எண்ணில் எழுதுங்கள். போலந்தில் ‘தேடுகிறேன்’ என்பதற்குச் சொல்லும் ‘ஷூகாம்’ பிராக்கில் படு ஆபாசம். அங்கே வாயைத் திறக்கவே வேண்டாம், வரைபடத்தைக் காட்டுங்கள்.

---

முதல் பதிவு போட்டவன்தான். ‘கெட்டியானது’ என்று படித்ததும் அந்த டொக் டொக் சத்தம்தான் காதில் கேட்டது. மேலோடு மொறுமொறுப்பாக இருக்கிறது, இப்போதுதான் சுட்டது என்று காட்டியிருக்கிறார். நான் பதிலுக்குத் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டு வந்தேன்.