மெண்டோசா ஒயின் புட்டிகளில் இத்தாலியப் பெயர்கள் எப்படி வந்தன?

கடைமடைக்காரன், திருத்துறைப்பூண்டி:
அர்ஜென்டினாவில் முதலில் திராட்சை பயிரிட்டவர்கள் 16ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற ஸ்பானியர்கள். இன்று அந்நாட்டின் அடையாளமாகிவிட்ட மால்பெக் என்னும் திராட்சை வகை, 1853இல் பிரான்சிலிருந்து சென்ற கொடி. அப்படியிருக்க, அந்நாட்டின் ஒயின் மாநிலமான மெண்டோசாவின் பெரிய நிறுவனங்கள் கத்தேனா, ருத்தினி என்று இத்தாலியக் குடும்பப் பெயர்களைத் தாங்கி நிற்பது எதனால்?

வெண்ணாற்றங்கரை:
உழைப்புக்கு நிலம் கிடைக்கக்கூடிய ஓர் ஏற்பாடு அங்கே இருந்ததுதான் காரணம். 1885இல் புவனோஸ் அயர்ஸிலிருந்து ரயில் பாதை மெண்டோசாவை எட்டியதும், தலைநகரில் குடியேறியிருந்த இத்தாலிய, ஸ்பானியத் தொழிலாளர்களின் அன்றாடத் தேவைக்கு ஒயின் அனுப்புவது எளிதாயிற்று. ஆனால் நிலக்கிழார்களிடம் கொடி நட ஆளில்லை. எனவே தரிசை வந்தேறிகளிடம் சில ஆண்டுகளுக்கு ஒப்படைத்து, கொடி நட்டுக் காய்ப்புக்குக் கொண்டுவந்து திருப்பித் தந்தால், தழைத்த கொடி ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையும் முதல் சில அறுவடைகளும் அவர்களுக்கே என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நம் பக்கத்தில் மேல்வாரம் அளந்தது போக மிஞ்சியதைக் கொண்டு நிலம் வாங்கிய குத்தகைதாரர் அரிது. அங்கே பலரால் முடிந்தது. 1898இல் இத்தாலியிலிருந்து வந்திறங்கிய நிக்கோலா கத்தேனா, 1902இல் தம் முதல் மால்பெக் தோட்டத்தை நட்டுவிட்டார்.

சிவில் வாத்தியார், தஞ்சாவூர்:
தண்ணீரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெண்டோசாவில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். ஆண்டிஸ் பனி உருகி வரும் ஆற்றை நம்பியே விவசாயம். வாய்க்கால் பாசனம் ஸ்பானியர் வருமுன்பே உவார்ப்பே பழங்குடியினரிடம் இருந்தது. ஆயினும் மெண்டோசா ஆற்றில் நீரைத் திருப்பும் அணையை வடிவமைத்தவர், ரோமில் பிறந்த பொறியாளர் சேசரே சிப்போலெட்டி. நீரியல் பாடத்தில் சிப்போலெட்டி வியர் என்று படிக்கிறோமே, பக்கங்கள் நான்குக்கு ஒன்று என்ற சரிவில் விரியும் அந்தச் சரிவக வடிவ அளவைத் தடுப்பு அவருடையதுதான். அளக்காத தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைமடைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பந்தல்கால், கும்பகோணம்:
பிரேசிலை விட்டுவிட்டீர்கள். 1875 முதல் இன்றைய வட இத்தாலியின் வெனெட்டோ, ட்ரெண்டினோ பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அந்நாட்டின் தெற்கு மலைநாட்டில் குடியேறினர். அங்கே மழையும் ஈரமும் மிகுதியாதலால் ஐரோப்பியக் கொடிகள் பூஞ்சாண நோய்க்குத் தாங்கவில்லை. ஆகவே இசபெல்லா என்னும் அமெரிக்க வகையைப் பந்தலில் படரவிட்டுப் பிழைத்தார்கள். தரம் சுமார்தான் என்றாலும், அதில் ஊன்றிய தொழில்தான் 2002இல் பிரேசிலின் முதல் புவிசார் குறியீட்டை அப்பகுதியின் ஒயினுக்குப் பெற்றுத் தந்தது.

கடைமடைக்காரன்:
மூவருக்கும் நன்றி. அர்ஜென்டினாவில் மிகுதியாகப் பயிராகும் போனார்டாவாவது இத்தாலியக் கொடிதானே?

வெண்ணாற்றங்கரை:
அதுவும் இல்லை, ஐயா. இத்தாலியின் பியமோந்தே போனார்டா வேறு, இது வேறு. மரபணுச் சோதனையில் இது பிரான்சின் சவோய் பகுதியைச் சேர்ந்த கொடி என்று தெரியவந்தது.