ஒன்றரை லட்சத்துக்கு பிளானர் ஹெட்போன்: கடையில் பத்து நிமிடம் கேட்டு முடிவு செய்யலாமா?

அல்சூர்வாசி:

வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் குடியிருக்கிறேன். பகல் முழுக்க ஆபீஸ் போன் கால்களில் போய்விடும். ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்கு மேல்தான் எனக்கென்று நேரம். அப்போது கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவுகள். ஒவ்வொன்றும் இரண்டு மணி, இரண்டரை மணி நேரம் ஓடும். இப்போது கையில் இருப்பது சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன், அதற்கென்று வாங்கிய ஒரு மேசை ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). ஆறு வருஷம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நல்ல ஓப்பன் பேக் (கப்பின் வெளிப்பக்கம் திறந்திருக்கும்) பிளானர் ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றரை லட்சம் வரை போகலாம்.

போன சனிக்கிழமை ஒரு கடையில் ஆடிஸி எல்சிடி-எக்ஸ், ஹைஃபைமேன் ஆர்யா ஸ்டெல்த் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். ஒப்பீடு நியாயமாக இருக்கட்டும் என்று ஆம்பின் வால்யூம் குமிழைத் தொடவே இல்லை. எல்சிடி-எக்ஸில் மிருதங்கம் நெஞ்சில் விழுந்தது. ஆர்யா சோகையாக இருந்தது, வயலின் எங்கோ தள்ளி உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. கடைக்காரர் அங்கேயே பில் போடத் தயாராக இருந்தார், நான்தான் ஒரு வாரம் டயம் கேட்டு வந்தேன். ஏனென்றால் இங்கே பாதிப் பேர் ஆர்யாவைக் கொண்டாடுகிறீர்கள். எனக்கு ஏன் அப்படிக் கேட்கவில்லை? கண்ணாடி போடுகிறவன் நான். எதை எப்படிப் பார்த்து முடிவு செய்வது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரவுராகம்:

எல்சிடி-எக்ஸ் எடுங்கள். மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன். எடை 612 கிராம் என்று பயமுறுத்துவார்கள், முதல் மாதம் கனமாகத்தான் இருக்கும், அப்புறம் பழகிவிடும். நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கேட்டால் கழுத்துக்குப் பாரமே தெரியாது. இன்னொரு வசதி, லேப்டாப்பிலிருந்தே நன்றாக ஓடும், பெரிய ஆம்ப் கேட்காது. குரல் கொஞ்சம் பின்வாங்கி இருக்கும், அதை ஈக்யூ (ஈக்வலைசர்) போட்டுச் சரிசெய்து கொள்ளலாம்.

வலந்தலை:

அல்சூர்வாசி, குமிழைத் தொடாமல் கேட்டீர்களே, அங்கேதான் ஒப்பீடு கெட்டது.

எல்சிடி-எக்ஸின் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 103 டெசிபல், மின்தடை 20 ஓம். ஆர்யா ஸ்டெல்த் 94 டெசிபல், 32 ஓம். குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் ஆம்ப் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜைத்தான் கொடுக்கும். 20 ஓம் அதில் கூடுதல் கரண்டை இழுத்துக்கொள்ளும், அதிலேயே 2 டெசிபல் ஏறிவிடும். உணர்திறன் வித்தியாசம் 9. ஆக 11 டெசிபல். 10 டெசிபல் ஏறினாலே காதுக்குச் சத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும். சத்தம் குறையும்போது நம் காது முதலில் இழப்பது பேஸை. அதனால்தான் ஆர்யா சோகையாகவும் வயலின் தள்ளியும் கேட்டிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை மறந்துவிடுங்கள்.

மறுபடி போகும்போது ஓர் அட்டைத் துண்டு எடுத்துக்கொண்டு போங்கள். காதைச் சுற்றி உட்காரும் மெத்தையை, அதாவது பேடை, முழுசாக மூடுகிற அளவு இருக்கட்டும். நடுவில் போனின் மைக் நுழைகிற மாதிரி ஓட்டை போட்டு, சத்தம் அளக்கும் செயலியைத் திறந்து, பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சலை ஓட விட்டு இரண்டு ஹெட்போனிலும் ஒரே எண் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். போன் மைக் துல்லியமான கருவி கிடையாது, ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். குமிழின் இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டு அப்புறம் கேளுங்கள்.

எதைக் கேட்பது? நான் பதினொரு வருஷம் மிருதங்கம் கற்றவள், அதனால் என் காது அங்கேதான் போகும். நீங்கள் நன்றாக அறிந்த கச்சேரி ஒன்றையே எடுங்கள், கடையில் போட்டுக் காட்டும் டெமோ பாட்டு வேண்டாம். முதலில் தம்புரா. அது ஒரே ரீங்காரமாக மொத்தையாகக் கேட்கிறதா, ஒவ்வொரு தந்தியும் மீட்டப்படுவது தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பாடகர் உச்சஸ்தாயியில் நிற்கும்போதும் தம்புரா காணாமல் போகக் கூடாது. அப்புறம் மிருதங்கத்தில் வலந்தலையின் (வலது முகம்) மீட்டும் தொப்பியின் (இடது முகம்) கும்காரமும், அதாவது ஆழ்ந்த கீழ் நாதமும், சேர்ந்து விழுகிற இடம். கஞ்சிரா இருந்தால் இன்னும் நல்லது. தோலை அழுத்தி அழுத்திக் கீழ் நாதத்தை வளைப்பார்கள். மோசமான ஹெட்போனில் அந்த வளைவு வெறும் ‘தொம்’ என்று முடிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பிளானர் தன் காசுக்கு வேலை செய்கிறது. சாதாரண ஹெட்போனில் சத்தம் எழுப்பும் டைனமிக் டிரைவரில், கம்பிச் சுருள் ஒரு வட்டத்தில்தான் கூம்பைப் பிடித்துத் தள்ளுகிறது. பிளானரில் மெல்லிய படலம் முழுக்கக் கடத்தித் தடம் ஓடுகிறது, காந்தங்கள் படலத்தின் பரப்பு முழுவதையும் ஒன்றாக அசைக்கின்றன. பேஸ் கீழே போகப் போகச் சரியாமல் நிற்பது, கும்காரத்தின் வால் வரை தெளிவாகக் கேட்பது எல்லாம் அதனால்தான். எடையும் அதனால்தான். அவ்வளவு பெரிய படலத்துக்கு வரிசை வரிசையாகக் காந்தம் வேண்டும்.

எல்சிடி-எக்ஸ் என்னிடம் எட்டு மாதம் இருந்தது. இரவுராகம் சொல்வதை மறுக்க மாட்டேன், தொப்பியின் கனம் அதில் வந்த மாதிரி வேறெதிலும் எனக்கு வரவில்லை. ஒரு பழைய நேரடிப் பதிவில், தொப்பியில் ஒட்டிய ரவை காய்ந்து நாதம் மேலேறுவதும், வித்வான் தண்ணீர் தடவிய பிறகு அது இறங்குவதும்கூடத் தெரிந்தது. அதைக் கேட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் பழைய மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

ஆனாலும் விற்றுவிட்டேன். வர்ணம், இரண்டு கிருதி வரை ஒன்றும் தெரியாது. மெயின் உருப்படியில் ஒரே வரியை விரித்து விரித்துப் பாடும் நிரவல் நடக்கும்போது உச்சந்தலையில் வகிடு இருக்கும் இடத்தில் ரூபாய் அகலத்துக்கு ஒரு சூடு. ஸ்வரம் வரும்போது அது வலியாகிவிடும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும் நேரத்தில் என் இடது கை தானாக மேலே போய் ஹெட்பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். தூக்கினால் பேட் கன்னத்திலிருந்து விலகும், விலகினால் பேஸ் போய்விடும். எந்தத் தொப்பிக்காக வாங்கினேனோ அதைத் தனியில் கேட்க முடியவில்லை. சாய்ந்து கேட்கலாம்தான். எனக்குத் தாளம் போடாமல் கேட்க வராது, தாளம் போட நிமிர்ந்து உட்கார வேண்டும்.

ஆர்யா 404 கிராம். உங்கள் 650 வெறும் 260 கிராம் என்பதால் அதுவும் முதலில் கனமாகத்தான் தோன்றும். எடையோடு அது தலையில் பரவும் விதத்தையும் பாருங்கள். அகலமான பட்டை மண்டையில் படிந்து உட்கார்ந்தால் ஒரு புள்ளியில் அழுத்தாது.

கண்ணாடி விஷயம் இன்னும் முக்கியம். கண்ணாடிக் காம்பு காதுக்கு மேலே பேடுக்கு அடியில் போகிற இடத்தில் ஒரு சின்ன இடுக்கு விழும். பேஸ் கசிவது அந்த வழியாகத்தான். பாட்டு ஓடும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள், பேஸ் சட்டென்று கூடினால் பேட் உங்கள் முகத்தில் சரியாக உட்காரவில்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை. தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம் என்றால் கேட்பதற்கென்று மெல்லிய உலோகக் காம்பு வைத்த பழைய கண்ணாடி ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, முன்பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் தருகிற கடையில் கேளுங்கள். இரண்டு மணி நேரக் கச்சேரியைக் கழற்றாமல் கேட்டு முடிக்காமல் எதற்கும் ஒன்றரை லட்சம் கொடுக்காதீர்கள்.

ஜெயநகர்_நாலாவதுபிளாக்:

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன் பேக்கை ஃபேன் ஓடும் அறையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஏசி போட்ட கடை அறையின் அமைதி நம் வீட்டில் கிடையாது. என் அறையில் ஃபேன் மூன்றில் ஓடினாலே தம்புரா பாதி மூழ்கிவிடும், அதை மீட்க வால்யூமை ஏற்றுவேன், பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நீங்கள் கேட்பது அவருக்கும் கேட்கும். உங்கள் வீட்டில் யார் எங்கே தூங்குகிறார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வேறொரு கடையில் முன்பணம் கட்டி, ஆளுக்கு இரண்டு ராத்திரி என்று இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அட்டை வைத்து அளந்ததில், ஆர்யாவுக்குக் குமிழை ஒன்பது மணி இடத்திலிருந்து பன்னிரண்டு தாண்டித் திருப்ப வேண்டியிருந்தது. அப்படி வைத்ததும் சோகை போய்விட்டது. வயலினில் வில் திரும்பும் உரசல், பாடகர் அடுத்த வரிக்கு முன் இழுக்கும் மூச்சு, பக்கத்தில் யாரோ ‘பலே’ சொல்வது எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. எல்சிடி-எக்ஸில் மிருதங்கம் இப்போதும் ஒரு படி மேல்தான். ஆனால் ஒரு மணி பத்து நிமிடத்தில், மேடம் சொன்ன அதே இடத்தில் எனக்கும் சூடு வந்தது. இரண்டாவது ராத்திரி சாய்ந்து கேட்டேன். வலி இல்லை, தூங்கிவிட்டேன், தனி போய்விட்டது.

உள்ளங்கை சோதனையில் எல்சிடி-எக்ஸை அழுத்தியதும் பேஸ் நன்றாகவே ஏறியது, என் ஃபிரேம் தடிமன். ஆர்யாவிலும் கொஞ்சம் ஏறியது. பழைய உலோகக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டபிறகு இரண்டிலும் வித்தியாசம் குறைந்தது.

ஆர்யாவை எடுத்துவிட்டேன். நேற்று இரண்டு மணி நாற்பது நிமிடக் கச்சேரி, மங்களம் வரை கழற்றவில்லை. தொப்பிக்காக 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றி வைத்திருக்கிறேன். ஃபேன் ஒன்றில். ஒரு சந்தேகம்: ஞாயிறுதோறும் எண்ணெய் தேய்க்கிற பழக்கம் எனக்கு. பேட் கெடுமா?

வலந்தலை:

கெடும். முகத்தில் படும் பக்கம் துணி, எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். பேட் இறுகித் தட்டையானால் காது டிரைவரை நெருங்கும், மேல் ஸ்தாயி மாறிக் கேட்கும். எண்ணெய் தேய்த்தால் தலைக்குக் குளித்து முடி காய்ந்த பிறகு போடுங்கள். உலர்ந்த பருத்தித் துணியால் அவ்வப்போது ஒற்றி எடுத்தால் போதும், ஈரத் துணி வேண்டாம். அந்தக் கச்சேரியில் தனி எந்தத் தாளம்?