புதுப்பிப்பு: என் கயாக்கின் ஸ்கெக் (அடித்தகடு) ஒருவழியாக ஏறி இறங்குகிறது

போன மாதம் புலம்பியிருந்தேனே, நானே கட்டிய 17 அடி பிளைவுட் கயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) பக்கக்காற்று அடித்தால் மூக்கைக் காற்றுப் பக்கமே திருப்பிக்கொள்கிறது என்று. சுக்கான் வேண்டாம், உள்ளே மடங்கும் ஸ்கெக் போதும் என்று இறங்கிவிட்டேன். படகு நேராகப் போக, பின்பக்க அடியில் தண்ணீருக்குள் இறக்கும் தகடுதான் ஸ்கெக்.

தகடு உள்ளே போய் அடங்கும் பெட்டி 4 மி.மீ. மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்), தகடு 6 மி.மீ. பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளிதான் விட்டிருந்தேன். எபாக்சி பிசின் பூசியதும் தகடு அசையவே இல்லை! இரண்டு ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளோடு போராடி இடைவெளியை ஒன்றரை மி.மீ. ஆக்கினேன்.

தகட்டை இறக்குவது ரப்பர் கயிறு, ஏற்றுவது நைலான் கயிறு. தகட்டை ஏற்றி இறக்கக் கம்பி வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி. தரை தட்டினால் தகடு தானாக உள்ளே போய்விடுகிறது; கம்பியென்றால் மடங்கியிருக்கும்.

முட்டுக்காட்டில் நல்ல கடற்காற்றில் ஓட்டினேன். பாதி இறக்கினால் படகு நேராகப் போகிறது. முழுக்க இறக்கினால் மூக்கு காற்றுக்கு மறுபக்கம் ஓடுகிறது, அது வேறு கூத்து. அதனால் கயிற்றில் பாதி அளவுக்கு ஒரு முடிச்சு.

கரையேறும்போது கிளிஞ்சல் ஒன்று இடுக்கில் மாட்டி, தகடு வெளியே வரவில்லை. இப்போது தகட்டின் நுனியில் துளை போட்டு, சின்ன நூல் வளையம் கட்டியிருக்கிறேன். பக்கத்துப் படகுக்காரர் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.